காதில் வைத்த ஒயர்

நம் பழைய பள்ளிக்கூடத்தில் சுவர் அகலத்துக்குத் தொடுதிரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று போன வாரம் உங்களில் ஒருவர் நம் குரூப்பில் படம் போட்டீர்கள். அதற்குக் கீழே வந்த பதில்களையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். "இதுல எவன் எவ்ளோ அடிச்சானோ" என்று ஒருவர். "ஆறு மாசம் போனா அதுமேல துணி காயப் போடுவாங்க" என்று ஒருவர். "நம்ம புள்ளைங்க யாரும் அங்க படிக்கல. அப்புறம் நம்ம வரிப்பணம் இன்னாத்துக்கு அங்க போவணும்?" என்று இன்னும் சிலர்.

உங்களைக் குறை சொல்லவில்லை. படத்தைப் பார்த்ததும் எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. நம்மை வளர்த்தவர்கள் அப்படி வளர்த்தார்கள். கவர்மெண்டு ஒரு கையால் எதையாவது நீட்டினால் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார் என் அப்பா. ஆனால் கடைசியாகக் கேட்டீர்களே, நம் பிள்ளைகள் படிக்காத பள்ளியால் நமக்கென்ன என்று, அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. போனில் பதில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்ணூற்றியொன்றில் உங்களில் பலர் என்னோடு ஏழாம் வகுப்பில் இருந்தீர்கள். பள்ளிக்குப் பெட்டி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போலீஸ் ஜீப் வந்ததும் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, ஒரு பெரிய தலைவரும் அவரோடு பலரும் இறந்து போனார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். வாலாஜாபாத் சந்தைக்குப் போய்விட்டு வந்த அப்பாவின் டார்ச் லைட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பேட்டரியை உருட்டி உருட்டிப் பார்த்தார்களாம். ஒயர், பேட்டரி, வெளியூர் ஆள் என்ற மூன்று சொற்களைக் கேட்டாலே ஊர் எழுந்து நின்றது. போதாததற்கு, முக்காலியில் கண்ணாடி வைத்த சர்வேக்காரர்கள் வேறு ஏரிக்கு மேல்புறத்து மேட்டு நிலத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போனார்கள். கம்பெனி வரப்போகிறது என்றார்கள் சிலர். மிலிட்டரி என்றார்கள் சிலர். வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே அப்பா அவர்கள் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் ஒரு லாரி வந்து பள்ளி வாசலில் அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. கலர் டிவி ஒன்று. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி ஒன்று. ஒரு கட்டு கேசட். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்று. உள்ளே வைத்திருந்த தெர்மோகோலுக்கு நாம் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அதைச் சுவரில் தேய்த்தால் பல் கூசும் சத்தம் வரும். பனி மாதிரி உதிர்ந்து பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். நாம் அதுவரை பனியைப் பார்த்ததில்லை, ஆனாலும் பனி என்றுதான் சொன்னோம்.

கூரைமேல் ஆன்டெனா ஏறியதும் ஊர் பேச ஆரம்பித்தது. வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் அந்தக் கம்பி இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். "நிலத்த புடுங்கறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்குப் படம் காட்டுறானுங்க" என்றார் அப்பா. பொறுப்பு வந்துவிடுமே என்று பயந்த ஹெட்மாஸ்டர் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். கடைசியில், அந்த ஜூன் மாதம்தான் வேலைக்கு வந்திருந்த புது டீச்சர் தலையில் அதைக் கட்டினார்.

டீச்சருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கன்னியாகுமரிப் பக்கத்தவர். தனியாக வாடகைக்கு இருந்தார். நல்லவர் என்று அப்போது நம்மில் யாரும் சொல்லியிருக்க மாட்டோம். முகத்தில் சிரிப்பு கிடையாது. நம்மை நம்பமாட்டார். கேசட்டைத் தொட்டால் விரலில் ஸ்கேல் விழும். தண்ணீரை "வெள்ளம்" என்பார். இங்கே வா என்பதை "இஞ்ச வா" என்பார். நாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பெரியவர்கள் சிரிக்கவில்லை. ரேடியோவில் இலங்கைத் தமிழைக் கேட்டிருந்தவர்களுக்கு அந்த "இஞ்ச" வேறு மாதிரி காதில் விழுந்தது.

முதலில் அதைச் சொன்னவர் என் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன். பஞ்சாயத்து மெம்பர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு படல்தான். "அந்தப் பொம்பள பேச்சு நம்ம பேச்சு இல்ல. நல்லா உத்துக் கேளு, சிலோன் பேச்சு" என்று அப்பாவிடம் அவர் சொன்னபோது நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மெதுவா பேசுண்ணா" என்றார்.

இப்போது என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு. கூப்பிட்டால் வருவாள், சில நேரம் வரமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சில நேரம் எதையாவது உளறுவாள். உப்பு எடுத்து வா என்றால் துடைப்பத்தோடு வந்து நிற்பாள். அவளுக்கு ஊரில் அழுத்தக்காரி என்று பெயர். திமிர் என்று அப்பா அடிப்பார். கைக்குழந்தையாக இருந்தபோது காதில் சீழ் வடிந்தது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினாள், நின்றுவிட்டது. அத்தோடு அதை மறந்துவிட்டார்கள். பிறகு மந்திரித்து இடுப்பில் ஒரு தாயத்தும் கட்டினார்கள். அதற்கும் அவள் மசியவில்லை.

பள்ளியில் பிளக் பாயிண்ட் நம் வகுப்பில் மட்டும்தான் இருந்தது. அதனால் டேப் பாடம் என்றால் மூன்றாம் வகுப்பு நம் அறைக்கு வந்து தரையில் உட்காரும். கேசட்டில் ஒரு குரல் கேள்வி கேட்கும். பிள்ளைகள் சிலேட்டில் பதில் எழுத வேண்டும். டிவி பாடத்திலும், டீச்சர் எதிரே நின்று பேசும்போதும் என் தங்கச்சி சரியாக எழுதுவாள். டேப்பில் கேட்டு எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளை என்ன எழுதியதோ அதுதான் அவள் சிலேட்டிலும் இருக்கும், தப்பு உட்பட. டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். அவர் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம்.

"இஞ்ச வா பிள்ள. நீ அவளுக்க சிலேட்டப் பாத்துதானே எழுதுன?"

தங்கச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கள்ளி. இன்னைக்கு ஒன்னப் பிடிக்கேன்."

காப்பி அடிப்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் டீச்சரின் எண்ணம். வேறொன்றும் இல்லை. அவளை மட்டும் தன் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார். அது பெரியவர்கள் தலைக்குச் செய்தது. நழுவாமலிருக்க இரட்டைச் சடைக்குமேல் ஒரு ரிப்பனால் கட்டினார். வேறு யாருக்கும் கேட்காது, அவள் மட்டும் கேட்டு எழுத வேண்டும். அன்றைய கேசட்டில் பறவைகளின் சத்தம். எந்தப் பறவை என்று எழுத வேண்டும். தங்கச்சி சிலேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். டீச்சர் எரிச்சலோடு சத்தத்தைக் கூட்டும் பொத்தானைத் திருகினார். இன்னும் திருகினார்.

அவள் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. சிலேட்டு மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஓட்டுச் சந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடினாள். அப்புறம் ரொம்பச் சத்தமாக, எல்லோரும் திடுக்கிடும்படி, "குருவி!" என்று கத்தினாள்.

நாம் எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. பொத்தானைக் குறைத்தார். தங்கச்சி முகம் வாடிப்போயிற்று. கூட்டினார், மறுபடி மலர்ந்தது. ஹெட்போனை மெதுவாக ஒரு பக்கம் விலக்கி, பின்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு முறை. மறுபடி கொஞ்சம் உரக்க. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க அம்மே" என்றார் டீச்சர். அந்தச் சொல்லுக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றப் போனதுதான் வினையாயிற்று. தங்கச்சி விடவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தாள். டீச்சரும் பெட்டி விழுந்துவிடுமோ என்று இழுத்தார். கம்பி காதுமடலில் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதபடி தெருவோடு வீட்டுக்கு ஓடினாள். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "டீச்சரு காதுல ஒயரு வெச்சாங்க, உள்ள குருவி கத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள். பின்னால் ஓடிய நான் வீட்டுக்கு வருவதற்குள் ஊர் அதைத் தன் வசதிக்கு மாற்றியிருந்தது. சிலோன்காரி பிள்ளை காதில் கரண்ட் விட்டுவிட்டாள்.

பள்ளி விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தைரியம்தான். பெரியப்பா படலைத் தாண்டி வந்து குறுக்கே நின்றார்.

"எந்த ஊரும்மா நீ?"

"நாகர்கோவில் பக்கம்."

"நாகர்கோயிலா, அதுக்கும் அந்தாண்டயா?"

டீச்சருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வந்த விஷயத்தைச் சொன்னார். "பிள்ளைக்குக் காது கேக்கல. நாம பேசும்போ வாயப் பாத்துப் பாத்துச் சமாளிக்கா. ஆஸ்பத்திரில காட்டணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அப்பா கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தார். "எம் பொண்ணு செவிடா? நம்ம வமிசத்துலயே செவிடு கெடையாது. ஏ பாப்பா, இங்க வா!" என்று எதிரே நின்ற தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். "பாத்துக்கினியா? இன்னா கேக்கல?"

"ஏம்மா, எம் பொண்ணுக்கு மாப்ள வூடு பாத்துக்கினு போயிருக்காங்க" என்றார் பெரியப்பா, இன்னும் மெதுவாக. "இந்த வூட்டுல செவிடு கீதுன்னு நீ பேரு கட்டி உட்டா, அது யாரு தலையில வுழும்?"

அன்று எனக்கு அது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அவருக்கு இலங்கையும் தெரியாது, குண்டும் தெரியாது. அவருக்கு இருந்த பயம் அந்த மாப்பிள்ளை வீடுதான். டீச்சரின் பேச்சு அதற்கு ஒரு சாக்காக அமைந்துவிட்டது.

போகும்போது டீச்சர் அம்மாவைப் பார்த்து, "அவ முகத்தப் பாக்காம இருக்கும்போ ஏதாவது கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அடுப்படியில் தங்கச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பின்னால் வந்து நின்றாள். அப்புறம், "பாப்பா, மாங்கா வேணுமா?" என்றாள். மாங்காய் என்றால் அவளுக்கு உயிர். அவள் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "கண்ணு, வெல்லம் தரட்டா?" தங்கச்சி விரலால் கிண்ணத்து ஓரத்தை வழித்தாள். "அம்மா செத்துப் போயிட்டேன்டி" என்றாள் அம்மா கடைசியில். அதற்கும் அவள் திரும்பவில்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "எட்டு வருசமாடி" என்றாள். எழுந்து கடலைக்குக் களை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம்தான் ஜீப் வந்தது. பெரியப்பா விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் வந்த விஷயம் பிறகு தெரிந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு தகவல் போனால் போலீஸ் வராமல் இருக்குமா? டேப், ஹெட்போன், கேசட் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டார்கள். டீச்சரையும் ஏறச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர், "எனக்கு எதுவும் தெரியாதுங்க சார், எல்லாம் அவங்க பொறுப்பு" என்று கூடவே சொல்லிக்கொண்டு போனார். டீச்சர் ஜீப்பில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க நம்மில் யாரும் போகவில்லை. அத்தனை பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

நான் கழனிக்கு ஓடினேன். அம்மா களைக்கொட்டைக் கீழே போட்டாள். சேற்றுக் காலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து தங்கச்சியைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா தனியாக பஸ் ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனில் டீச்சர் பெஞ்சில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கோணிப்பையைக் கொட்டி வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கேசட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அம்மா நேராக மேஜை முன்னால் போய் நின்றாள்.

"இன்னாம்மா, நீயும் புகார் குடுக்க வந்தியா?"

"இல்லிங்க ஐயா. எம் பொண்ணுக்குக் காது கேக்கல. பெத்தவ எனக்கே தெரியல. இந்தப் பொட்டிதான் கண்டுபுடிச்சுது. அந்த டீச்சரம்மா ஒரு தப்பும் பண்ணல. நம்பலன்னா நீங்களே வெச்சுப் பாருங்க."

எஸ்.ஐ. நம்பவில்லை. அம்மாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களோ என்ற மாதிரி இருந்தது அவர் பார்வை. ஹெட்போனைத் தன் காதில் வைக்க அவருக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். அங்கே நின்ற வயதான ஏட்டைப் பார்த்து, "யோவ், நீ மாட்டிப் பாருய்யா" என்றார்.

ஏட்டு ஈஸ்வரா என்று மாட்டிக்கொண்டார். டீச்சர் எழுந்து போய் பொத்தானை அழுத்தினார். ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காக்கா... ஆங், குயிலு... சார், பறவைங்க கத்துது சார். ஆனா மிசின்ல ஒரு பக்கம் ரிப்பேரு. இந்தாண்ட ஒண்ணுமே வரல."

டீச்சர் ஹெட்போனைத் திருப்பி மாட்டினார். ஏட்டு கொஞ்ச நேரம் கேட்டார். "இப்பவும் அதே பக்கந்தான் வரல."

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். ஸ்டேஷனுக்கு வந்த பிறகு அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. "உங்களுக்க காதுதான் கேக்கல."

ஏட்டின் முகம் போன போக்கைப் பார்த்து எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டுக்கு வரவில்லை. அவர் இடது காதை விரலால் குடைந்துகொண்டே நின்றார். பிறகு தங்கச்சியைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து அவர்களே கூப்பிட்டுப் பார்த்தார்கள், மேஜையில் லத்தியால் தட்டிப் பார்த்தார்கள். எஸ்.ஐ. கல்வி ஆபீசுக்கு போன் போட்டு, டீச்சரின் சொந்த ஊரையும் பெட்டி வந்த கதையையும் கேட்டார். சாயங்காலத்துக்குள் கோணிப்பையையும் கொடுத்து டீச்சரை விட்டுவிட்டார்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "காலம் அப்படி இருக்குது, நீங்களும் புரிஞ்சுக்கணும்" என்றார் எஸ்.ஐ. டீச்சர் பஸ்ஸில் எங்களோடு வந்தும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அம்மா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்ததற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். டீச்சர் பிடிவாதக்காரர். செய்தது தப்பில்லை என்று காட்டியே தீருவது என்று எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் அந்த ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். மக்கு, தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவர்களில் சிலருக்குக் கை தூக்கவே வரவில்லை. உங்களில் ஒருவருக்கு வலது காதில் குறை இருப்பது அந்த அறையில்தான் தெரிந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். நம் வரிப்பணம் எதற்குப் போக வேண்டும் என்று எழுதியவர்களில் நீங்களும் உண்டு.

விஷயம் ஏட்டு மூலம்தான் வெளியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மஃப்டியில் வந்து இன்னொரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பின்னால் ரைஸ் மில்லில் வேலை செய்தவர்கள் வந்தார்கள். இயந்திர இரைச்சலிலேயே காலம் தள்ளி, வீட்டில் பெண்டாட்டி கூப்பிடுவது கேட்காமல் சண்டை போட்டவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா அந்தப் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு சுற்றுப்பட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் போனார். பள்ளியில் கரண்டும் பெரிய அறையும் இருக்கிறது என்று பிறகு காது டாக்டர்களே அங்கு வந்து முகாம் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு நம் பள்ளியில் படிக்கும் பிள்ளையே கிடையாது. பாட்டுக் கேட்கவும் பாடம் கேட்கவும் வாங்கிய பெட்டிதான். அது யார் யாருக்கெல்லாம் உதவும் என்று வாங்கியவர்களுக்கே தெரிந்திருக்காது.

அதற்காக எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரியப்பா கடைசிவரை நம்பவில்லை. முகாமுக்கும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சம்பந்தத்தை வேறு ஏதோ காரணத்துக்காக முறித்துக்கொண்டார்கள், அதற்கும் டீச்சரைத்தான் திட்டினார். டிவி பெட்டி பாதுகாப்புக்கு என்று யார் வீட்டுக்குப் போனது, எந்தத் தேர்தல் வரை அங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியும். டீச்சர் அந்த வருஷம் முடிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். அம்மா வழியனுப்பப் போனபோது, "எனக்கு உங்க ஊரே வேண்டாம்" என்று சொன்னாராம். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஆகவே சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திரையை யார் பூட்டி வைக்கிறார்கள், யார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். நேரில் போய்ப் பாருங்கள். போனில் படத்தைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்பீர்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மா அலையாய் அலைந்தாள். காதுக்குள் சவ்வு கெட்டிருந்தது, முழுசாகச் சரியாகாது, மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். தைப்பொங்கல் கழிந்து ஒருநாள், மெஷின் வாங்க அப்பாவும் வந்தார். நம்பி வரவில்லை. என்ன மாட்டிவிடுகிறார்கள் என்று பார்க்க வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒயர் மேலே போய்க் காதில் ஏறும். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோ ஹாரன் அடித்ததற்கு அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அவளும் முன் சீட்டில், அப்பாவும் அம்மாவும் எங்களுக்குப் பின்னால். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் காற்று பலமாக அடித்தது. அவள் ஜன்னல் கண்ணாடி கடகடப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைப் பற்றி அவள் முதுகுக்குப் பின்னால் பேசுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். அடக்கிப் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. அப்பாவும் அந்தப் பழக்கத்தில்தான் அம்மாவிடம் சொன்னார்.

"இப்ப ஒயரு வேற தொங்குது. இத எவன் கட்டிக்குவான் சொல்லு."

தங்கச்சி திரும்பினாள்.

"யாரப்பா கட்டிக்கணும்?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி பதிலுக்குக் காத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. அவள் தலைக்குப் பின்னால், ரொம்பத் தாழ்ந்த குரலில், "பாப்பா, பசிக்குதா?" என்றார்.

"இல்லப்பா" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"குளுருதா?"

"இல்ல."

"காது வலிக்குதா?"

"வலிக்கல."

அடித்த கையை அவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டுக் கம்பியில் வைத்திருந்தார். ஒரகடம் கூட்டு ரோடு வரும்வரை, இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக, ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவளும் ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.